தப்படித்து வரவேற்ற விசாரணை

அத்தியாயம் 17

சென்ற வாரம் நிலுக்ஷியைத் தெமோதரை ஸ்டேஷனில் பையும் கையுமாக மழையில் நிறுத்தியிருந்தோம். அவளை அழைத்துப்போக யாரும் வரவில்லை. தோட்டத் தலைவரின் மகள், கொழும்பில் சட்டம் படிப்பவள், ஆட்டோகூடக் கிடைக்காமல் நனைந்து நடந்தே சின்னக்கல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள்.

ஏன் வந்தாள் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு இவ்வளவு போதும்.

தோட்டத்து ஓடையை, தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குக் கீழே மறித்து, குழாய்க்குள் தள்ளி, மலையடிவாரத்தில் சுழலி வைத்து மின்சாரம் எடுக்க ஒரு கம்பனி வந்திருக்கிறது. குழாய்க்குள் நுழையும் தண்ணீர் கீழ் லயத்தைத் தாண்டித்தான் வெளியே வரும். கீழ் லயத்துச் சனம் தண்ணீர் கொட்டும் பீலியில் நின்று குளிப்பதும், துவைப்பதும், குடத்தில் பிடித்துக் குடிப்பதும், போஞ்சிப் பாத்திக்கு விடுவதும் அந்த ஓடைத் தண்ணீர்தான். அது போனால் அவர்களுக்கு வேறு தண்ணீர் இல்லை.

நிலுக்ஷிக்கு இது இறுதி வருடம். மின்சக்தி, சுற்றாடல், காணிப் பயன்பாடு, இவற்றைப் பற்றிய சட்டங்களைத் தேடி எடுத்துப் படிக்கிறாள். கம்பனி சத்தமில்லாமல் அனுமதி வாங்கப் பார்த்ததைக் கண்டுபிடித்து, மக்களை நேரில் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று மனுமேல் மனு போட்டு, ஒரு பகிரங்க விசாரணைக்கு நாள் வாங்கியிருந்தாள். அந்த நாள்தான் இன்று.

விரிவுரை மண்டபத்தில் இதற்குக் கைதட்டல் கிடைத்தது. தட்டியவர்களில் ஒருவரும் ஓடையைப் பார்த்ததில்லை. அதை விடுங்கள். நிலுக்ஷியும் இத்தனை மாதத்தில் ஒரு நாள் வந்து கீழ் லயத்தில் நாலு வாசலில் நின்று பேசவில்லை. கேட்கும் நாள் வந்துவிட்டால் சனங்களின் வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. எழுதியவன் விடியற்காலைப் பெரட்டில் துரைக்கு முன்னால் வரிசையில் நின்றவன் அல்லன்.

அடுப்படியில் அம்மா மரியகொரட்டி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மகள் தான் எழுதிவைத்த பேச்சை வாசித்துப் பார்த்தாள்.

"ஓடையின் இயல்பான நீரோட்டத்தில் இச்சமூகத்துக்கு உள்ள நீண்டகால அனுபவ உரிமை..."

"நிப்பாட்டு. இத யாருக்கு வாசிக்கப் போற?"

"அதிகாரிங்களுக்கு. சனங்களுக்குந்தான்."

"அனுபவ உரிமன்னா சனம் ஏதோ பென்சன் வருதுன்னு நெனச்சுக்கும். 'எங்களுக்குத் தண்ணி வேணும்'னு சொல்லேன். வாய் வலிக்குமா?"

"சட்டப்படி சொன்னாத்தாம்மா எடுபடும்."

"சட்டப்படி சொல்றவன் பூரா கொழும்புல இருக்கான். பீலி இங்கயில்ல இருக்கு."

நிலுக்ஷிக்குச் சுருக்கென்றது. படித்தவர்களுக்கு வருகிற கோபம் அது. எதிராளி சொன்னது சரி என்று தெரிந்ததும் வரும்.

வெளியே தப்புச் சத்தம். யாரோ நெருப்பில் தோலை வாட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு செத்தா?" என்றாள் மரியகொரட்டி.

"காலங்காத்தால வாயத் தொறக்காத" என்று உள்ளேயிருந்து வந்தார் யேசுரத்தினம்.

இருபது வருடத்துக்கு மேலாகத் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். கும்பிடும் கையெழுத்தும் அவருக்கு நன்றாக வரும். மே தினத்தில் "உழைத்துக் காய்த்த கை இது" என்று மேடையில் தூக்கிக் காட்டுவார். காய்ப்பெல்லாம் மனைவியின் கையில் இருந்தது.

"மேலெடத்து ஆளுக வர்றாங்க. வெறுங்கையோட நிப்பமா? மால சொல்லியிருக்கேன். பொன்னாட இருக்கு. ஆரத்திக்கு மேல் லயத்துப் பொம்பளப் புள்ளைக ரெடி."

நிலுக்ஷி பேச்சுத் தாளைக் கீழே போட்டாள். "அப்பா, இது மந்திரி விசிட் இல்ல. விசாரண. ஒங்களுக்கு எதிர்ப்பு இருக்கான்னு கேக்கத்தான் அவங்க வர்றாங்க."

"எதிர்ப்ப மரியாதையா சொன்னா மரியாதையாக் கேப்பாங்க. தோட்டத்து வழக்கம் ஒனக்குத் தெரியாது."

"நீங்க எதிர்ப்புத்தானே சொல்லப் போறீங்க?"

அவர் கண்ணாடியில் மீசையைப் பார்த்தார்.

"தலைவர் என்னத்தச் சொல்லணும்னு தலைவருக்குத் தெரியும் பாப்பா. நீ போய் நல்ல சாரி ஒண்ணு கட்டிக்கிட்டு வா."

பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அதே மைதானத்தில், கூடாரம் போட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு வந்தால் கொழுந்து எடுக்காமலே அன்றைக்கு முழுப் பேர் விழும் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார். சம்பளத்தோடு உட்கார்ந்திருப்பது என்றால் யார் வரமாட்டார்கள்? கம்பனியை எதிர்க்கச் சொல்லித் துரை கூலியும் கொடுப்பாரா என்று ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை.

விசாரணை அதிகாரி வந்து இறங்கினார். மெலிந்த மனிதர். சிங்களவர். மலைப்பாதையில் வாந்தி எடுத்த முகம். தப்பு அதிர்ந்ததும் இரண்டடி பின்னால் போனார். மாலை விழுந்ததும் நின்றார். பொன்னாடை விழுந்ததும் சிரித்தார். ஆரத்தித் தட்டைச் சுற்றி நெற்றியில் பொட்டு வைத்தபோது, தான் எதற்கு வந்தோம் என்பதே அவருக்கு மறந்திருக்கும்.

பக்கத்தில் கம்பனியின் மக்கள் தொடர்பு அலுவலர் ஜெயகுமார் நின்றான். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். வாய்க்கு வாய் "நானும் லயத்துப் புள்ளதானே" என்பான். கம்பனி அவனிடம் சம்பளம் கொடுத்து வாங்கியிருந்த சரக்கு அது ஒன்றுதான்.

"தங்கச்சி, ஒங்களாலதான் இன்னைக்கு இந்தக் கூட்டமே" என்றான் நிலுக்ஷியிடம். "கம்பனி சார்புல நன்றி."

"எதுக்கு நன்றி?"

"இருந்து பாருங்களேன்."

அதிகாரி சிங்களத்தில் கேட்டார். ஜெயகுமார் தமிழில் சொன்னான்.

"இந்தத் திட்டத்துக்கு ஒங்க பக்கத்துல ஆட்சேபன ஏதாச்சும் இருக்கான்னு ஐயா கேக்குறாரு. பயப்படாமச் சொல்லட்டுமாம்."

குறை சொல்ல முடியாது. ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தான். பொய் சொல்லவேண்டிய தேவையே அவனுக்கு ஏற்படவில்லை.

யேசுரத்தினம் எழுந்தார். மைக்கைத் தட்டினார்.

"பெருமதிப்புக்குரிய ஐயா அவர்களே! ஏழை எளிய தோட்டத் தொழிலாளிகளத் தேடி வந்த தங்கள வருக வருகன்னு வரவேற்கிறோம். ஐயா, எங்களுக்கு எந்த ஆட்சேபனையும் கெடையாது."

நிலுக்ஷி பாதி எழுந்தாள்.

"ஆனா ஐயா, சின்னச் சின்னக் கோரிக்கைங்க இருக்கு. லயத்துக் கூரையெல்லாம் ஒழுகுது, தகரம் வேணும். புள்ளைகளுக்கு வெளையாட்டு மைதானம் வேணும்..."

அவ்வளவுதான். அடைத்துவைத்த மதகு திறந்துகொண்டது.

"கோயிலுக்கு ஒரு மணி!"

"மாதா கோயிலுக்கு ஸ்பீக்கர் செட்டு!"

"கரண்டு எடுக்குறீங்கல்ல, பீலிக்குப் போற வழில ஒரு லைட்டப் போட்டுக் குடுங்க!"

கடைசியில் கத்தியது பாக்கியலெட்சுமி. கீழ் லயத்துக்காரி. மரியகொரட்டியோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவள். பீலியே இருக்காது என்பது தெரியாமல், பீலிக்குப் போக விளக்குக் கேட்டாள்.

சிரிக்கலாம். ஆனால் இந்தச் சனத்துக்கு அதுதான் பழக்கம். கார் வைத்திருக்கிறவன் எவன் வந்தாலும் தகரமும் மணியும் கேட்பது. நூறு வருடத்தில் எந்தத் துரையும் எந்த மந்திரியும் இவர்களிடம் "வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டதில்லை. "என்ன வேண்டும்?" என்பதே இவர்களுக்குத் தெரிந்த ஒரே கேள்வி. இன்று முதல்முறையாக வேறு கேள்வி வந்தது. பழைய பதிலையே சொன்னார்கள்.

அதிகாரி தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். மக்களுக்கு ஆட்சேபனை இல்லை. சில கோரிக்கைகள் உண்டு. ஜெயகுமார் நிலுக்ஷியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

அவள் எழுந்து முன்னால் போனாள். மைக் கேட்கவில்லை. நேராக அதிகாரியிடம் சிங்களத்தில் பேசினாள். ஓடையை மறித்தால் கீழ் லயத்துக்குச் சொட்டுத் தண்ணீர் மிஞ்சாது, கம்பனியின் அறிக்கையில் கீழ் லயம் என்று ஓர் இடம் இருப்பதாகவே சொல்லப்படவில்லை, கோரிக்கை வைப்பது சம்மதம் ஆகாது என்றெல்லாம் படபடவென்று சொன்னாள். சொன்னது அத்தனையும் சரி.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "நீங்கள் யார் சார்பில் பேசுகிறீர்கள், மிஸ்? இந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறீர்களா?"

"இல்லை. நான்..."

"அப்படியானால் இவர்கள் சார்பில் பேசுகிறவர் யார்?"

ஜெயகுமார் அதைத் தமிழில் சொன்னதும் எல்லாக் கண்ணும் தலைவர் மேல் திரும்பின. யேசுரத்தினம் பல்லைக் காட்டினார். தமிழிலேயே சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"எம் மகதாங்க ஐயா. லோ படிக்குது. பரீட்ச வருதுல்ல, பேசிப் பழகுது."

களம் சிரித்தது. ஜெயகுமார் அதையும் ஒழுங்காக மொழிபெயர்த்தான். அதிகாரியும் சிரித்தார். தப்பு வைத்திருந்தவன் ஓர் அடி அடித்துவிட்டான்.

நிலுக்ஷி அழவில்லை. அழுதிருந்தால் யாராவது பாவம் பார்த்திருப்பார்கள். பெரட்டுக்கு நேரம் தவறி வந்தவளைப் போலத் தனியே நின்றாள்.

"தலைவரே!"

பின்வரிசையிலிருந்து அந்தக் குரல். பொம்பிளைகள் பக்கம். மரியகொரட்டி எழுந்து நின்றாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து "என்னாங்க" என்று கூப்பிட்டவள்.

"நம்மளுக்கு ஆட்சேபன இல்லன்னு சொன்னீங்களே, யாரக் கேட்டுச் சொன்னீங்க தலைவரே?"

"கொரட்டி, ஒக்காரு. வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல பேசுனா தொண்ட காயும். குடிக்கத் தண்ணி வேணுமில்ல?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யேசுரத்தினம் மைக்கைக் கையால் மூடினார். "இது ஆபிசர்மாரு கூட்டம். பொம்பள சண்ட போடுற எடமில்ல."

"சண்ட போடல. சங்கத்து ஆளு, சங்கத்துத் தலைவர்கிட்டக் கேக்குறேன். மாசாமாசம் எஞ் சம்பளத்துல சந்தா புடிக்கிறாங்கல்ல? அந்தக் கணக்குல கேக்குறேன். தண்ணிய வேண்டாம்னு சொல்லச் சொல்லி எவ ஒங்ககிட்டச் சொன்னா?"

யேசுரத்தினம் அதிகாரியைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்.

"அப்ப எஞ் சந்தாவ வெட்டிருங்க. நான் ஒங்க சங்கத்துல இல்ல."

தோட்டத்தில் இதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. தலைவனைத் திட்டலாம், தலைவன் வீட்டுக் கோழியைத் திருடலாம், எல்லாம் மறந்துபோகும். சந்தாவை வெட்டினால், அவன் கையில் எத்தனை சந்தா மிச்சம் என்று சங்கத்து மேலிடம் எண்ணிப் பார்க்கும். சந்தா உள்ள மட்டும்தான் அவன் தலைவன். அதைச் சொன்னது அவன் பெண்டாட்டி.

பாக்கியலெட்சுமி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "என்னாடி கொரட்டி, பீலிக்குத் தண்ணி வராதா?"

"வராது."

"அட பாவி மனுசா! நான் லைட்டுக் கேட்டப்ப நீ சும்மாதானே நின்ன? எஞ் சந்தாவையும் வெட்டு!"

"எனக்கும் வெட்டுங்க தலைவரே."

"எங்க வீட்ல ரெண்டு. ரெண்டையும் வெட்டு. அவரு வரட்டும், நான் சொல்லிக்கிறேன்."

ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். கீழ் லயத்துப் பொம்பிளைகள் அத்தனை பேரும். ஆம்பிளைகள் தரையைப் பார்த்தார்கள். மானமுள்ள பார்வை இல்லை, அடுத்தவன் எழுந்தால் எழலாம் என்ற பார்வை. ஒருவனும் எழவில்லை.

நிலுக்ஷிக்கு அப்போதுதான் மண்டைக்குள் ஏதோ திரும்பியது. அதிகாரியின் மேசைக்குப் போனாள்.

"இவர்கள் சார்பில் பேசுகிறவர் யார் என்று கேட்டீர்கள், சேர். பேசினவர் அவர். அவர் எங்களுக்காகப் பேச முடியாது என்று கீழ் லயம் உங்கள் கண்ணுக்கு முன்னால் சொல்லிவிட்டது. தண்ணீர் போகப்போவது கீழ் லயத்துக்கு மட்டும்தான். இனி நீங்கள் எழுதின 'ஆட்சேபனை இல்லை' யாருடையது?"

"இது தொழிற்சங்க விவகாரம் சேர்" என்றான் ஜெயகுமார் அவசரமாகச் சிங்களத்தில். "நமக்குச் சம்பந்தமில்ல. நேரமாச்சு."

அதிகாரி கழுத்தைச் சொறிந்தார். மாலை உறுத்தியது. கெட்டவர் அல்லர். நல்லவரும் அல்லர். பின்னால் யாராவது கேட்டால் தன் தலை தப்ப வேண்டும் என்று மட்டும் நினைக்கிற மனிதர். அன்றைக்கு அந்தப் பயம் கீழ் லயத்துக்கு உதவியது. மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் வருவேன். கீழ் லயத்துக்காரர்களை அவர்கள் வாயாலேயே கேட்பேன். அதுவரை எதுவும் முடிவில்லை." வாகனத்துக்குப் போகும் வழியில் திரும்பினார். "தயவுசெய்து மேளம் வேண்டாம்."

யேசுரத்தினம் வீட்டுக்கு வரும்போது மலையில் மஞ்சள் வெயில் இறங்கிவிட்டிருந்தது. கதவடியில் செருப்பைக் கழற்றினார். ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"புருசன் மானத்த நடு பெரட்டுல உரிச்சிட்டியே. சந்தோசமா?"

"மக மானத்த நீங்க உரிச்சப்ப நான் கேக்கலையே, சந்தோசமான்னு" என்றாள் மரியகொரட்டி.

"நான் என்னத்துக்குச் சொன்னேன்னு தெரியுமா ஒங்களுக்கு? தகரத்துக்கும் மணிக்கும் தண்ணிய விக்கிறதுக்கு நான் மடையனா?" அவர் குரல் தாழ்ந்தது. "காணி. ரெண்டு லயத்துக்கும். குடும்பத்துக்குப் பத்து பேர்ச்சஸ் நெலம், ஒறுதிப் பத்திரத்தோட. நம்ம பேர்ல. ஓட கம்பனிக்குப் போனா தொரை காணிக்கு வழி பண்றேன்னாரு. பங்களாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னாரு. கதிரை போட்டு ஒக்கார வச்சு."

நிலுக்ஷி அப்பாவைப் பார்த்தாள். அவர் கண் நனைந்திருந்தது. நடிப்பில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"எழுத்துல குடுத்தாரா?"

"தொரை சொன்னாரு பாப்பா."

"அப்பா, இந்த மலை தொரைக்குச் சொந்தமில்ல. தோட்டக் கம்பனிக்கும் சொந்தமில்ல. அரசாங்கத்துக் காணி. அவங்க குத்தகைக்கு எடுத்து நடத்துறாங்க. குத்தகைக்காரன் எப்பிடி ஒறுதி எழுதிக் குடுப்பான்? அவர் கையில இல்லாத ஒண்ண அவர் ஒங்களுக்குக் குடுத்திருக்காரு."

யேசுரத்தினம் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கதிரை போட்டாராம்ல" என்றாள் மரியகொரட்டி. "அதுக்கே ஓட சரியாப் போச்சு."

"இந்தச் சட்டம் தொரைக்கும் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார் அவர்.

"தெரியாம இருக்குமாப்பா?"

அவர் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவர் தலைவராக இல்லை. ஏமாந்த ஒரு மனிதராக இருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் மகள் அவருக்கு ஒரு டம்ளர் தேத்தண்ணி எடுத்து நீட்டினாள். அவர் வாங்கினார்.

வாசலில் சத்தம் கேட்டது. மேல் லயத்து ஆம்பிளைகள். முன்னால் புவனேந்திரன், கோயில் கமிட்டிக்காரன். களத்தில் தரையைப் பார்த்த இவர்கள் இப்போது தலையை நிமிர்த்தி வந்திருந்தார்கள்.

"தலைவரே, வெளிய வாங்க! எங்களுக்குத் தண்ணி போகல. எங்களுக்குக் காணி வருது. ஒங்க பொம்பளையும் மகளும் சேந்து காணிக்கு உல வச்சுட்டாங்கன்னு சொல்றாங்க. உண்மையா?"

யேசுரத்தினம் டம்ளரைக் கீழே வைத்தார். காணிக் கதையை அப்பா இவர்களிடமும் முன்பே சொல்லியிருக்கிறார் என்பது நிலுக்ஷிக்கு அப்போதுதான் விளங்கியது.

"போய்ச் சொல்லுங்கப்பா" என்றாள். "தொரை நம்ம எல்லாரையும் ஏமாத்துனாருன்னு சொல்லுங்க. இப்பச் சொன்னா அவங்க நம்ம பக்கம் நிப்பாங்க. திங்கக்கிழம ரெண்டு லயமும் ஒண்ணா நிக்கும். அது போதும்பா, ஓட தப்பிச்சிரும்."

அவர் எழுந்தார். சட்டைக் கொலரைச் சரிசெய்தார். கதவைத் திறந்துகொண்டு வாசலுக்குப் போனார்.

"காணி உண்டா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றான் புவனேந்திரன்.

ஏமாந்தேன் என்று சொல்ல ஒரு மனிதன் போதும். தலைவனால் முடியாது.

"உண்டு" என்றார் யேசுரத்தினம். "எம் மகளுக்கு ஒண்ணும் தெரியாது. காணி உண்டு."

மரியகொரட்டி எழுந்து போனாள். அவர் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்ளே கொண்டி போட்டாள்.